கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க

உக்காருங்க சாமி. அந்த நாற்காலி வேணாம், அது எங்க சாமி வந்தா உக்கார்றது. வேற யாரையும் அதுல உக்கார விடுறதில்ல. கிராம அதிகாரி வந்தப்பக்கூட பெஞ்சுலதான் உக்கார வெச்சேன். அட, இருங்க, நீங்களும் சாமிதானே, ஆயர் இல்லத்துல இருந்து வேற வந்திருக்கீங்க. அதுலயே உக்காருங்க. வயசுல சின்னவரா இருந்தாலும் பட்டம் பட்டந்தான்.

காப்பி போட்டுட்டேன், இந்தாங்க. சீனி கம்மின்னா சொல்லுங்க.

பைபிள் மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணணுமா? பண்ணிட்டாப் போச்சு. எனக்குப் பொய் சொல்ற பழக்கம் கெடையாது. ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, பிரகாசி கோவக்காரி, ஆனா பொய்க்காரி இல்லம்பாங்க. ரெண்டும் உண்மைதான். ம், வெச்சாச்சு. இனி கேளுங்க.

மொத கேள்வியை இன்னொரு தடவை வாசிங்க. "உங்கள் தம்பி யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு குருத்துவ வாழ்வைத் தேர்ந்துகொண்டாரா?" ஆமா. எழுதிக்கோங்க. ஆமா, சந்தோசமாத்தான் போனான். போனாரு. இருபது வருசமா அவரு இவருன்னே பேசிப் பழகிட்டு, இந்த நாலஞ்சு மாசமாத்தான் கோவத்துல அவன் இவன்னு வாயில வருது. நீங்க மரியாதையாவே எழுதிக்கோங்க.

எழுதிட்டீங்கல்ல? அப்ப முடிஞ்சுது. சந்தோசமாப் போன ஆளு, இப்ப வந்து என்னை விட்டுருங்க, நான் கல்யாணம் பண்ணிக்கணும்னு ரோமாபுரிக்கு மனு போட்டா செல்லுமா? செல்லாதுல்ல? ஓகோ, கூடப் பொறந்தவ சொல்றதையும் வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களா. ரொம்ப நல்லது. அப்ப வெவரமாவே சொல்றேன், ஒண்ணு விடாம எழுதிக்கோங்க.

எங்க அம்மாவுக்கு நாந்தான் மூத்தவ. எனக்கப்புறம் பொறந்த ரெண்டு ஆம்பளைப் புள்ளையும் தங்கலை. அடுத்து உண்டானப்ப அந்தோணியார் கோயிலுக்குப் போயி முழங்கால்ல நின்னு, "இந்தப் புள்ளையக் காப்பாத்திக் குடு, வளத்து உனக்கே குடுத்துர்றேன்"னு நேர்ந்துக்கிட்டா. அதான் சிங்கராயன். வீட்ல ராயன். அழைப்பு எப்ப வந்துச்சுன்னு பாத்துக்கோங்க சாமி, பொறக்குறதுக்கு முன்னாடியே! உங்களுக்காச்சும் அப்பிடி வந்திருக்குமா?

சின்ன வயசுலேயே அதுக்கான குணம் இருந்துச்சு. கருவை மரத்தடியில புள்ளைக எல்லாம் கல்யாண வெளாட்டு வெளாடும். அம்மா அவனை மட்டும் வேட்டியைப் போத்திச் சாமியாரா நிக்க வெப்பா. "நீ தாலி கட்டுறவன் இல்லடா, தாலி எடுத்துக் குடுக்குறவன்"பா. அவனும் எல்லா ஜோடிக்கும் சிலுவை போட்டு மந்திரிச்சு விடுவான். ஒரே ஒரு நாளு, இன்னைக்கு மட்டும் நான் மாப்பிள்ளையா இருக்கேன்னு அழுதான். அம்மா ஓங்கி ஒரு அறை விட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அந்த வயசுலயே பக்குவம் வந்துருச்சு.

பத்தாவது முடிச்சதும் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துல சேத்தோம். பொட்டியில துணியெல்லாம் நாந்தான் மடிச்சு வெச்சேன். சேத்து ரெண்டு மாசம் ஆகலை, ஓடி வந்துட்டான். மாட்டுக் கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கான். எல்லாப் பையனும் ஒரு தடவை ஓடி வருவானுங்களாமே? நீங்களும் ஓடி வந்தீங்களா? இல்லையா? சரி.

இதை நல்லாக் கேட்டு எழுதுங்க. அம்மா அவனை அடிக்கலை, ஏன்டான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அடுப்புல தண்ணிய ஊத்துனா. அவன் திரும்பிப் போற வரைக்கும் இந்த வீட்ல உலை வெக்கிறதில்லைன்னு முந்தானைய விரிச்சுப் படுத்துட்டா. அப்பா பட்டினியாவே காட்டுக்குப் போனாரு. நானும் பட்டினி. மறுநாள் விடிஞ்சு அவனே என்கிட்ட வந்து, "அக்கா, நான் போறேன், அம்மாவை எந்திரிக்கச் சொல்லு"ன்னான். அவனா வந்து சொன்னான் சாமி. யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலை. இதுக்குப் பேரு கட்டாயமா?

நாந்தான் பஸ்ல கூட்டிட்டுப் போயி விட்டேன். கையைப் பிடிச்சிருந்தேன், ஆமா. அந்தக் கூட்டத்துல எங்கயாச்சும் எறங்கிட்டான்னா யாரு தேடுறது? வழி பூராக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே வந்தான். என்னடான்னு கேட்டேன். ஜன்னல் காத்துன்னான். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க.

என்னைப் பத்தியா? என்னைப் பத்தி என்னத்துக்கு, மனு போட்டது நானா? அதுவும் கேள்வியில இருக்கா, குடும்பச் சூழ்நிலைன்னு. ம். கல்யாணம் ஆகலை. "ஆகலை"ன்னு எழுதுங்க, "பண்ணிக்கலை"ன்னு எழுதாதீங்க.

பண்ணிக்கலைன்னா நானா வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிரும். கன்னியாஸ்திரி ஆகணும்னு எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்ல சாமி. எனக்கு மாப்பிள்ளை இருந்துச்சு. சந்தியாகு, எங்க அத்தை மகன். தொட்டில்ல கெடக்குறப்பவே அவனுக்குத்தான் நான்னு ரெண்டு வீட்லயும் பேசி வெச்சது. அத்தை கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சேலை எடுத்தாந்து குடுக்கும். அவனும் நல்லவந்தான். பேசவே மாட்டான், எங்க வீட்டு ஆட்டுக்குட்டியத் தடவிக்கிட்டே நின்னுட்டுப் போயிருவான்.

முறைக்கு அத்தை மகன் உரிமைப்பட்டவன். கோயில் சட்டத்துலதான் அது ரத்த உறவு, தடை. உங்களுக்குத் தெரியாததா. ஆயர்கிட்ட விலக்கு வாங்கினாத்தான் மந்திரிப்பாங்க. எங்க அம்மாவுக்கு அதுதான் மனசுல உறுத்திருச்சு. "நாளைக்குப் பட்டம் வாங்கப் போற புள்ளை வீட்ல, அவன் அக்காளே சட்டத்துல விலக்கு கேட்டுக்கிட்டு ஆயர் முன்னாடி போயி நிப்பாளா? குருமடத்துல தெரிஞ்சா, இதென்ன குடும்பம்னு பொட்டியக் கட்டி அனுப்பிருவாங்க. அவன் மொதல்ல பட்டம் வாங்கட்டும்"னுட்டா. அப்பா ஒரு தடவை வாயைத் தொறந்தாரு. பங்குச் சாமிகிட்டச் சும்மா கேட்டுப் பாக்கலாமேன்னாரு. அம்மா, கேட்டாலே கேவலம்னா. அவ்வளவுதான்.

பட்டம் வாங்கறதுன்னா சும்மாவா? வருசம் ஓடுது. அத்தை பொறுத்துப் பொறுத்துப் பாத்துச்சு. ஒரு கிறிஸ்துமஸுக்குச் சேலை வரலை. பொங்கலுக்கு அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்க, சந்தியாகுக்கும் பக்கத்தூருல ஒரு புள்ளைக்கும்.

மூணு ஞாயிறு வாசிக்கணும்ல. மொத ரெண்டு ஓலையும் உபதேசியார் வாசிச்சாரு. மூணாவது ஞாயிறுக்கு இவன் லீவுல வந்திருந்தான். அப்ப பிரதர்தான், பட்டம் வாங்கலை, வெள்ளை அங்கி போட்டிருப்பான். பார்க்கவே கண்ணு பட்டுரும், அவ்வளவு நல்லா இருப்பான். பங்குச் சாமி, "பிரதர், அறிவிப்பை நீங்க வாசிங்க"ன்னு குடுத்துட்டாரு. வாசிச்சுக்கிட்டே வாரான். "சந்தியாகு என்பவருக்கும் ஜெபமாலை என்பவருக்கும் நடக்க இருக்கும் திருமணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால்" அப்பிடிங்கிற வரைக்கும் வந்து நிறுத்திட்டான். நிமிந்து என்னையே பாத்தான். நான் பொம்பளைங்க பக்கம் தூணோரமா உக்காந்திருக்கேன். ஊரே திரும்பி என்னைப் பாக்குது. அவன் மூக்குக்கண்ணாடி சரியில்ல போலன்னு நெனைச்சுக்கிட்டேன். மீதியப் பங்குச் சாமி வாங்கி வாசிச்சு முடிச்சாரு.

வீட்டுக்கு வந்து சோறு திங்கலை. "அக்கா, நான் வெளிய வந்துர்றேன். நான் வந்துட்டா உனக்கு ஒரு தடையும் இல்லைல்ல? இப்பவே போயி அத்தைகிட்டச் சொல்லட்டுமா?"ன்னான். அம்மா காதுல விழுந்துறப் போகுதேன்னு எனக்குப் பயம். மறுபடியும் அடுப்புல தண்ணிய ஊத்திருவா. வாய மூடுடான்னேன். சந்தியாகு கல்யாணத்துக்குப் போயி நானே பந்தியில சாம்பார் வாளியத் தூக்குனேன். எல்லாரும் அசந்து போனாங்க. மாப்பிள்ளைக்கு மட்டும் வேற யாரோ ஊத்துனாங்க.

அப்புறம் பட்டம். ஆயர் அவன் உள்ளங்கையில எண்ணெயப் பூசி, ரெண்டு கையையும் வெள்ளைத் துணியால கட்டுனாரு. எல்லாப் பட்டத்துலயும் பண்றதுதான், உங்களுக்கும் பண்ணியிருப்பாங்க. அந்தத் துணியை அவுத்து அம்மாகிட்டக் குடுத்தாங்க. சாமியாரைப் பெத்தவ செத்தா அந்தத் துணியை அவ கையில சுத்தித்தான் பொதைக்கணும். மேல போயி, ஆண்டவரே, நான் உனக்கு ஒரு புள்ளையக் குடுத்தவன்னு காட்டணுமாம். அம்மா அதைப் பீரோவுல வெச்சு, மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மோந்து பாப்பா.

அன்னைக்கு ராத்திரியே அம்மா என்கிட்டச் சொல்லிட்டா, இனிமே ராயான்னு கூப்பிடக் கூடாது, வாடா போடா கூடாது, சாமின்னுதான் கூப்பிடணும்னு. அம்மாவும் சாமின்னுதான் கூப்பிட்டா. சாமி வாங்க, சாமி சாப்பிடுங்க. மொத தடவை நான் சாமின்னு கூப்பிட்டப்பச் சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கலை.

எனக்கும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை சாமி, உள்ளதைச் சொல்றேன். கோயில்ல மொத பெஞ்சு. தேர்த் திருவிழாவுல மாதா சேலையைத் தொடுற உரிமை. சாமியாரோட அக்கான்னா ஊருல எந்திரிச்சு நிப்பாங்க. அதுக்கப்புறம் ரெண்டு எடத்துல பொண்ணு கேட்டு வந்தாங்க, ரெண்டாம் தாரத்துக்கு. அம்மா வாசல்லயே அனுப்பிட்டா. சாமியார் அக்காளை ரெண்டாம் தாரமாக் குடுக்கவான்னு. அப்புறம் அம்மா படுத்துட்டா. பீ மூத்திரம் எல்லாம் நாந்தான். வெளியூருக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு போனது கெடையாது. சந்தியாகு மகளுக்கே இப்ப கல்யாணம் ஆயிருச்சு.

அம்மா செத்தப்ப அந்தத் துணிய இந்தக் கையாலதான் அவ கையில சுத்திக் கட்டுனேன். எங்க சாமிதான் அடக்கப் பூசை வெச்சாரு. கல்லறையில எல்லாரும் போனப்புறம் நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "எனக்கும் நீங்கதான் பூசை வெக்கணும் சாமி." சரிக்கான்னாரு. எனக்குப் புள்ளையா குட்டியா? சொந்தத் தம்பி கையால அடக்கப் பூசை. அதை நெனைச்சாப் போதும், ராத்திரி தூக்கம் வந்துரும்.

இந்தத் தவக்காலத்துல வந்தான் பாருங்க. சட்டை பேண்டு. அந்த நாற்காலில உக்காரலை, தரையில உக்காந்தான். "அக்கா, நான் விட்டுட்டேன்"னான். என்னத்தை விட்டன்னு எனக்கு விளங்கலை. சிகரெட்டுன்னு நெனைச்சேன், கொஞ்ச நாளாப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறந்தான் சொல்றான், டெல்பின்னு ஒரு டீச்சராம், புருசன் லாரியில அடிபட்டுச் செத்துட்டானாம், அவளைக் கட்டிக்கணுமாம். மனு போட்டிருக்கேன், விடுதலை வந்தாத்தான் கோயில்ல மந்திரிப்பாங்க, அது வரைக்கும் அவ அவ வீட்ல, நான் ஒரு ரூம்லன்னான். இந்த வயசுல! தலை நரைச்சுப் போச்சு!

போட்டோவைக் காட்டுனான். கறுப்பு. ஒல்லி. சிரிப்பு நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கலை.

சோறு போட்டேன், கருவாட்டுக் கொழம்பு. தின்னுட்டுத் தட்டை அவனே கழுவி வெச்சான். சாமியார் தட்டு கழுவி இந்த வீடு பாத்ததே இல்ல. கழுவிட்டு வந்து, "அக்கா, ஒரு தடவை ராயான்னு கூப்பிடுக்கா"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அம்மா கையில கட்டியிருக்கிற துணியத் தோண்டி எடுத்துட்டு வாங்க சாமி, கூப்பிடுறேன்"னேன். போயிட்டான். அதுக்கப்புறம் வரலை. போன் வந்துச்சு, நான் எடுக்கலை.

இதான் சாமி நடந்தது. இப்பச் சொல்லுங்க, கட்டாயம்னு ஏதாச்சும் இருக்கா இதுல?

காப்பி ஆறிப் போச்சு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேள்வித்தாள்ல இல்லாதது, சும்மா தெரிஞ்சுக்கத்தான். அந்த விலக்கு, அத்தை மகனுக்கு. அப்ப நாங்க கேட்டிருந்தா ஆயர் குடுத்திருப்பாரா?

அவ்வளவுதானா? பங்குச் சாமி எழுதி அனுப்புனாலே போதுமா? மாசா மாசம் உங்க ஆபீஸுக்கு அப்பிடி வந்துக்கிட்டே இருக்குமா? அந்தக் காலத்துலயும் குடுத்தாங்களா? குருமடத்துல அதைப் பத்திக் கேக்கவே மாட்டாங்களா? சாமியார் வீடு, சம்சாரி வீடுன்னு வித்தியாசமே கெடையாதா?

உங்க வீட்லயேவா? உங்க அக்காளா? நீங்க குருமடத்துல இருக்கிறப்பவே நடந்துச்சா?

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாரேன்.

...

சாமி, அந்த மொத பதிலை அடிங்க. அடிக்கலாம்ல? நான் உயிரோடதானே இருக்கேன், அடிச்சுட்டுப் பக்கத்துல கைநாட்டு வேணும்னாலும் வெக்கிறேன். எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்.

அடிச்சுட்டீங்களா? இப்ப எழுதுங்க. மனசாரப் போனானான்னு எனக்குத் தெரியாது. அவன்கிட்ட யாரும் கேக்கலை. வயித்துல இருக்கறப்பக் கேக்க முடியாது. வெளிய வந்தப்புறம் கேக்கலை. ஒரு தடவை மாப்பிள்ளையா இருக்கேன்னு அவனாக் கேட்டான், அதுக்கு அறை வாங்குனான். ஒரு தடவை ஓடி வந்தான், அதுக்கு வீடே பட்டினி கெடந்துச்சு. ஓலையைப் பாதியில நிறுத்துனான், நாந்தான் வாய மூடச் சொன்னேன். பஸ்ல அழுதான். காத்துன்னு சொன்னாலும் அது அழுகைதான். ஜன்னலைச் சாத்தினப்புறமும் அழுதான். இதையெல்லாம் எழுதுங்க. இந்த வரிசையிலயே எழுதுங்க.

அம்மா தப்பா நெனைக்க மாட்டா. நெனைச்சா நெனைச்சுட்டுப் போறா. நான் மேல போயிப் பேசிக்கிறேன்.

ஆத்திரமா வருது சாமி. அவனுக்கு மனு போட ரோமாபுரி இருக்கு. எனக்கு யாரும் பட்டம் குடுக்கலை, கையில எண்ணெய் பூசலை, வார்த்தைப்பாடு வாங்கலை. ஆனா கல்யாணம் பண்ணாத விரதத்தை அவனைக் காட்டியும் கெட்டியா நாந்தான் காப்பாத்தியிருக்கேன். நான் எதுல இருந்து விடுதலை கேக்கிறது? யார்கிட்டக் கேக்கிறது? உங்ககிட்ட அதுக்குக் கேள்வித்தாள் இருக்கா? இருக்காது. விடுங்க.

விடுதலை வந்தா அப்புறம் என்ன ஆகும்? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கணும்ல. பூசை வெக்கக் கூடாது. பிரசங்கம் கூடாது. கல்யாணம் ஆடம்பரம் இல்லாம நடக்கணும். சரி. சாமியாரா இருந்தது தெரிஞ்ச எடத்துல குடியிருக்கக் கூடாதா? தெரிஞ்ச எடம்னா? இந்த ஊருந்தானா? அவன் பொறந்த ஊரே இதுதானே சாமி! இந்த வீட்ல வந்து அவனும் அவளும் இருக்க முடியாதா? ஆயர் நெனைச்சா அதைத் தளர்த்தலாமா. அதுக்கும் மனுவா? போடுங்க, அதையும் சேத்தே போடுங்க. இந்தத் தடவை நான் கேக்காம இருக்க மாட்டேன்.

வர்றதுக்கு நாளாகும்ல? வருசமே ஆகுமா. வராமலும் போகலாம்.

அப்ப என் அடக்கப் பூசை? பூசை வெக்க முடியாதுன்னா முடியாதுதான். தெரியும். வாய் தன்னால கேட்டுருச்சு.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. பட்டம் அழியாது, சரி, அது சின்னப் புள்ளையில படிச்சதுதான். அதுக்கப்புறம் சொன்னீங்களே. சாகக் கெடக்கிறவங்களுக்கு மட்டும் அவன் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் குடுக்கலாமா? விடுதலை வாங்குன சாமியாரா இருந்தாலுமா? பக்கத்துல வேற சாமியார் இருந்தாலும் அவனையே கூப்பிடலாமா? யாரும் தடுக்க முடியாதா? சட்டத்துலயே எழுதியிருக்கா? நெசமாவா?

பேனாவை மூடாதீங்க சாமி. கடைசியா ஒரு வரி எழுதுங்க.

ராயனோட அக்கா பிரகாசி இந்த வீட்ல சாகக் கெடக்கா. ராயன் உடனே வரணும்.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? பைபிள் மேல கை வெச்சிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன். எழுதுங்க.